சர்க்கரை கண்ட தவசுப்பிள்ளை

சிற்றாற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதற்கு ஒரு சாமி, ஒரு தோட்டம், ஒரு மடப்பள்ளி.

சாமி பெயர் தாண்டவ சாமி. வயது நாற்பதுக்கு மேல் சொல்ல முடியாது. காலையில் பூசை முடிந்ததும் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். யாராவது கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்.

மடப்பள்ளி ஆறுமுகநயினாருடையது. அவர் வயதில் சாமிக்கு அப்பா மாதிரி. அந்தச் சீமையில் சமையற்காரரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். நயினார் கல்யாண வீடுகளில் காலமெல்லாம் கரண்டி பிடித்த தவசுப்பிள்ளை. மனைவி தவறிய பிறகு ஒருநாள் சாமியிடம் வந்து திருநீறு வாங்கினார், உபதேசம் கேட்டார், அப்படியே தங்கிவிட்டார்.

சாமி சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் வயதைப் பார்த்து நயினார் காலில் விழப்போவார்கள். அவர் பதறிப்போய், "நான் இல்ல, நான் இல்ல, அந்தா கத்தரிச் செடிக்குள்ள நிக்காவல்லா, அவுகதான்" என்று கையைக் காட்டுவார்.

நயினார் கையில் சோறு பூப்போல இருக்கும். அவர் புளியோதரைக்காகவே பக்தர்களான குடும்பங்கள் உண்டு. ஆனால் ஒரு சொல் மட்டும் அவருக்கு ஆகாது. 'போதும்' என்ற சொல். சாப்பிடுகிறவர் இலையை இரண்டு கையாலும் மறைத்தால்கூட விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழும். விழுந்த பிறகு நயினார் சிரிப்பார். பந்தியும் சிரிக்கும்.

ஒரு வைகாசியில் அவருக்குப் புதுச் செருப்பு கடித்தது. காலில் கொப்புளம் வந்தது. மஞ்சள் பற்றுப் போட்டார், வேப்பெண்ணெய் தடவினார். கொப்புளம் புண்ணாயிற்றே தவிர ஆறவில்லை. மடப்பள்ளியில் காய் நறுக்கும் உலகம்மாள் நச்சரித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாள். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. நெறைய நாளா இருந்திருக்கு. மாத்திரை தாரேன். புண்ணைக் கவனமாப் பாத்துக்கணும். தினமும் நடக்கணும். சோத்தைக் குறைங்க, காய்கறியக் கூட்டுங்க. வீட்டுலயே குத்திப் பாக்குற மிஷின் ஒண்ணு வாங்கிக்கோங்க."

எல்லாம் பொறுமையாகத்தான் சொன்னாள். நயினார் காதில் நடுவில் வந்த ரெண்டு சொல்தான் விழுந்தது. சோத்தைக் குறைங்க.

பஸ் ஏறும்போது அவருக்குக் கோமதிநாயகத்தின் நினைப்பு வந்தது. கோமதிநாயகமும் தவசுப்பிள்ளைதான். பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர்கள். அவருக்கும் இப்படித்தான் காலில் ஒரு சின்னப் புண் வந்தது. முதலில் பெருவிரலை எடுத்தார்கள். அடுத்த வருசம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுப்படியில் அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

மடத்துக்கு வந்தார். மடப்பள்ளியில் தொங்கிய அன்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனார். சாமி வெண்டைச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நயினார் கரண்டியை அவர் முன்னால் வைத்தார்.

"சாமி, இனிமே நான் சோறு வடிக்கமாட்டேன்."

"சரி அண்ணாச்சி."

"ஏன்னு கேக்கமாட்டீங்களா?"

"நீங்களே சொல்லத்தானே வந்திருக்கீங்க. சொல்லுங்க, மண்ணு அணைச்சுக்கிட்டே கேக்கேன்."

நயினார் சொன்னார். சர்க்கரை, கால் புண், கோமதிநாயகம் எல்லாம் சொன்னார்.

"என் கால் போனாப் போகுது சாமி. பசின்னு வந்தவனுக்கு அன்னம் போட்டாப் புண்ணியம்னு இத்தனை காலம் போட்டேன். இப்ப சோறே ஆகாதுங்காக. எத்தனை பேருக்கு என் கையால அள்ளிப் போட்டிருக்கேன்! நான் போட்டது அன்னமா, நஞ்சா? எந்தச் சோறு நல்ல சோறு, எந்தச் சோறு கெட்ட சோறு? அதை மட்டும் சொல்லிருங்க. கெட்டது எதுவோ அதை இந்த அடுப்புல ஏத்தவே மாட்டேன்."

சாமி கைமண்ணைத் தட்டினார்.

"எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"சாமிக்கே தெரியாதா?"

"தின்னு பாக்காம எப்படிச் சொல்ல? வாங்க, தின்னு பாப்போம்."

அவர் கரண்டியை எடுத்துக் கழுவி நயினார் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும். டாக்டரம்மா கொடுத்த மாத்திரைய விட்டுராதீங்க. அது அவுக பாடு. சாப்பிடுறது நம்ம பாடு."

அப்படித்தான் மடத்தில் சோற்று விசாரணை தொடங்கியது.

நாளுக்கு ஒரு சோறு. சாப்பிடும் முன்னால் விரலில் குத்தி ஒரு தடவை பார்ப்பது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. ஆளுக்கு ஒரு ஊசி. கொதிக்கிற எண்ணெயில் கைவிட்டு வடையைத் திருப்பிய மனுசர், அந்தக் கடுகளவு ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "முருகா" என்பார். உலகம்மாள்தான் பிடித்துக் குத்துவாள்.

"குத்தி முடிச்சு நேரமாச்சு அண்ணாச்சி. கண்ணைத் தொறங்க."

சாமியும் கூட உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டார், விரலை நீட்டினார். அவருக்கு எண் கொஞ்சம் எழுந்துவிட்டுப் பழையபடி படுத்துக்கொள்ளும். நயினாருக்குப் பொறாமையாக இருந்தது.

"சாமி தின்ன சோறு எங்கதான் போகுது?"

"தோட்டத்துக்குப் போகுது" என்று சாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதலில் கஞ்சி. காய்ச்சல்காரனுக்கே கொடுக்கிற ஆகாரம், அது ஒன்றும் செய்யாது என்று நயினார் நம்பினார். பச்சரிசிக் குறுணையைக் குழையக் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு சொம்பு குடித்தார். மிஷினைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எண் தேர்ச்சக்கரம் போல உருண்டு ஏறியிருந்தது.

"கஞ்சியா! பச்சப்புள்ள குடிக்கிற கஞ்சியா இந்தக் காரியம் பண்ணுது!"

அப்புறம் தவசுப்பிள்ளை மூளை வேலை செய்தது. "அதான். பல்லு பண்ண வேண்டியது, வயிறு பண்ண வேண்டியது எல்லாத்தையும் நானே பண்ணிக் கொடுத்துட்டேன். வயித்துக்கு என்ன வேலை மிச்சம்? எறங்குனதும் ஓடிருச்சு." சாயங்காலம் சாமியிடம் போய்த் தீர்ப்புச் சொன்னார். "கஞ்சி கெட்டது சாமி."

"சரி அண்ணாச்சி."

வெண்பொங்கல் வேறு மாதிரி. நெய் மிதக்க மிதக்கச் செய்ததாலோ என்னவோ, எண் மெல்லத்தான் ஏறியது. ஆனால் ஏறிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

"பொங்கலும் கெட்டது."

"சரி."

எலுமிச்சம் சோறு, தொட்டுக்கொள்ள அப்பளம். அதுவும் கெட்டது. தயிர்ச்சோறு மேல் நயினாருக்குத் தனிப் பிரியம். பயந்துகொண்டே விரலை நீட்டினார். கஞ்சி அளவுக்கு மோசமில்லை. ஆனால் நல்லது என்றும் சொல்ல முடியாது.

அடுத்து உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தும் புழுங்கலரிசியும் தேங்காயும் சேர்த்து வடித்தது. கூட எள்ளுத் துவையல். அன்றைக்குத் தோட்டத்தில் காய் குவிந்திருந்ததால் உலகம்மாள் முருங்கை, அவரை, புடலை, வெள்ளரி என்று ஒரு பெரிய உருளி நிறைய அவியல் வைத்திருந்தாள். வெளியூரிலிருந்து எதிர்பாராத ஒரு கூட்டமும் வந்துவிட்டது. அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு பானையில் மிஞ்சியது நயினாருக்கு ஒரு கைப்பிடிதான். மீதி வயிற்றை அவியலால் நிரப்பினார்.

ரெண்டு மணி நேரம் கழித்து உலகம்மாள் மிஷினைக் காட்டினாள். நயினார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோட்டத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"சாமி! கிடைச்சிருச்சு! உளுந்தஞ்சோறுதான் நல்ல சோறு!"

"சரி அண்ணாச்சி."

மறுநாள் அடுப்பில் பெரிய பானை ஏறியது. உளுந்தஞ்சோறு மணம் ஆற்றின் அக்கரைக்கும் போயிற்று. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆசையெல்லாம் சேர்த்து நயினார் இலையில் ஒரு குன்று எழுப்பினார். அவியல் இல்லை. துவையலே போதும் என்றுவிட்டார். நல்ல சோறாயிற்றே, என்ன பயம்?

சாப்பிட்டுப் பார்த்தால், எண் கஞ்சியையும் மிஞ்சியிருந்தது.

"மிஷின் கெட்டுப்போச்சு உலகு. உன் வெரலை நீட்டு."

உலகம்மாள் நீட்டினாள். அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. மிஷின் கெடவில்லை.

நயினார் தோட்டத்துக்குப் போனார். இந்தத் தடவை ஓடவில்லை.

"உளுந்தஞ்சோறு கெட்டது சாமி."

"சரி."

நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்து நல்லதுன்னேன், சரின்னீங்க. இன்னைக்குக் கெட்டதுங்கேன், அதுக்கும் சரிங்கீங்க!"

"ரெண்டும் நீங்க சொன்னதுதானே அண்ணாச்சி."

பிறகு யாரோ சொன்னார்கள் என்று மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வரச் செய்தார். சிவப்பரிசி, தவிடு போகாதது, சர்க்கரைக்குச் சாமிப் பிரசாதம் மாதிரி என்றார்கள். முதல் நாள் சந்தேகத்தோடு கொஞ்சமாகச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. மறுநாள் நம்பிக்கையோடு சாப்பிட்டார். மோசமாக இருந்தது. பழைய சோறும் அப்படியே செய்தது. சின்ன வெங்காயத்தோடு ஒரு கிண்ணம் குடித்த அன்றைக்கு அடங்கி இருந்தது. ஒரு சட்டி குடித்த அன்றைக்கு ஆடித் தீர்த்தது.

அன்று ராத்திரி நயினார் ஒரு முடிவுக்கு வந்தார். விடிந்ததும் உலகம்மாளிடம் சொன்னார்.

"எல்லாச் சோறும் ஒரே கூட்டுக் களவாணிங்கதான். இனிமே ஒரு பருக்கை தொடமாட்டேன்."

தொடவில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு தம்ளர் மோர் குடிப்பார். மத்தியானம் ரெண்டு வெள்ளரிக்காய். டாக்டரம்மா நடக்கச் சொன்னாள் என்று வெயிலில் ஆற்றங்கரையோடு நடை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மற்றவர்களுக்குக் குழம்பு தாளிக்கும்போது கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. கடுகு வெடிப்பது எங்கோ தூரத்தில் கேட்டது. உலகம்மாள் திரும்பிப் பார்த்தபோது நயினார் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் அடுப்பை அணைத்தாள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். "சர்க்கரையா?" என்று அந்த நிலைமையிலும் அவர் தலையை ஆட்டினார்.

"குடிங்கங்கேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரொம்பக் கோபப்பட்டாள்.

"குறைங்கன்னா விட்டுருங்கன்னு அர்த்தமா ஐயா? மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிரும். அந்த அம்மா பாக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?" பிறகு கால் புண்ணைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "பரவாயில்ல, புண்ணு ஆற ஆரம்பிச்சிருக்கு. காலைத் தப்பிக்க வச்சிரலாம். நீங்களா ஏதும் பண்ணாம இருந்தாப் போதும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரு சீட் காலியாயிற்று. சாமி நிற்கும்போது நான் உட்காருவதா என்றார் நயினார். மயங்கி விழுந்தவரை நிற்க வைத்துவிட்டு நான் உட்காருவதா என்றார் சாமி. இவர்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு பூக்காரர் கூடையோடு அதில் உட்கார்ந்து தூங்கவும் ஆரம்பித்துவிட்டார். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சாமி, தின்னா ஏறுது, தின்னாட்டி எறங்குது. ரெண்டுக்கும் நடுவுல நான் எங்ஙன நிக்க?"

"இப்ப எப்படி நிக்கீங்க?"

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

"நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. விழுந்துரக் கூடாது."

"இறுக்கிப் பிடிச்சா வளைவுல தோள்பட்டை கழண்டுரும் சாமி. விட்டுட்டாலும் விழுந்துருவோம். பஸ்ஸு சாயச் சாய நம்ம கையும் கூடப் போயிட்டு வரணும்."

"அப்படியா" என்றார் சாமி.

ஆவணியில் குருபூசை வந்தது. மடத்தில் அதுதான் பெரிய நாள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பந்தியில் உட்காரும். நயினாரின் புண் அதற்குள் காய்ந்து, புதுத்தோல் விட்டிருந்தது. இப்போது வேளைக்கு இலையில் ஏதோ கொஞ்சம் சாப்பிட்டார், பயந்து பயந்து. ஆனால் மனசு மட்டும் ஆறவில்லை. முந்தின நாள் அவர் சாமியிடம் வந்தார்.

"அவியல், சொதி, கூட்டு, பச்சடி எல்லாம் நான் பண்ணுதேன். சோத்துக்கு வேற ஆளைப் பாருங்க சாமி. தெரிஞ்சே அந்தப் பாவத்தைப் பண்ண என்னால முடியாது."

"வேற ஆள் எதுக்கு? நான் வடிக்கேன்."

"நீங்களா?"

"அரிசியும் தண்ணியும் தானே அண்ணாச்சி."

மறுநாள் காலையில் சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டையடுப்பின் முன்னால் நின்றார். அண்டாவில் தண்ணீரைக் கொட்டினார். அது கொதிக்கும் முன்னாலேயே அரிசியைக் கொட்டினார். விறகை ஒரே பக்கமாகத் திணித்தார். அடுத்த அடுப்பில் அவியலுக்குத் தேங்காய் சேர்த்துக்கொண்டிருந்த நயினார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்கவே கூடாது என்று இருந்தார்.

கண்ணை மூடலாம். மூக்கை என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் அடிப்பிடிக்கிற வாசனையின் முதல் இழை வந்தது. நயினாரின் தோள் துடித்தது. சாமி அகப்பையை அண்டாவுக்குள் விட்டு, மண்ணைக் கிளறுவது போலக் கிளறினார்.

"தள்ளுங்க சாமி!"

குருவை அவர் அதட்டியது அதுதான் முதல் தடவை. சாமி மரியாதையாக ஒதுங்கி நின்றார். நயினார் விறகை இழுத்தார், தணலைப் பரத்தினார், வெந்நீர் ஊற்றினார், அரிசியை நசுக்கிப் பார்த்தார். அடிப்பிடித்ததை அடியோடு விட்டுவிட்டு மேல் சோற்றை வேறு அண்டாவுக்கு மாற்றி மூடி வடித்தார். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது.

"நஞ்சு எப்படி வெந்தா என்ன அண்ணாச்சி?" என்றார் சாமி.

"நஞ்சாவே இருந்தாலும் பதம்னு ஒண்ணு இருக்குல்லா!"

சொன்ன பிறகு நயினார் திகைத்து நின்றார். உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு புளியோதரைக்கும் தேங்காய்ச் சோற்றுக்கும் அவரே உலை வைத்தார். யாரும் சொல்லவில்லை.

பந்தி உட்கார்ந்தது. நயினார் பழக்கப்படி சோற்று வாளியைத் தூக்கப்போனார். சாமி அதை முந்தி எடுத்துக்கொண்டார்.

"வடிச்சது நீங்க. பரிமாறுறது நான். நீங்க அவியலைப் பாருங்க."

சாமி கையில் இருந்தது அன்னக் கரண்டி இல்லை. சொதி ஊற்றுகிற சின்னச் சிரட்டை அகப்பை. ஒவ்வோர் இலையிலும் ஓர் அகப்பைச் சோறு வைத்துக்கொண்டு நிதானமாகப் போனார்.

கருங்குளத்துப் பரமார்த்தலிங்கம் கனத்த சரீரம். மடத்துக்கு வருசா வருசம் அரிசி மூட்டை அனுப்புகிறவர். இலையையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமி, என்ன இது? காக்காய்க்கு வச்ச மாதிரி இருக்கே!"

"வாரேன், வாரேன். கடைசி இலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாரேன்."

கடைசி இலை வாசலுக்கு வெளியே இருந்தது. சாமி நடக்கிற வேகத்தில் நத்தைகூட அவரை முந்திவிடும். அதுவரை பந்தி சும்மா இருக்குமா? அவியலைத் தொட்டது. கூட்டைத் தொட்டது. அங்கேதான் நயினார் நின்றார். கையில் சோறு இல்லையே தவிர, கை அதே கைதான். ஒருவர் அவியல் போதும் என்று இலையை மறைத்தார். விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி விழுந்தது. பச்சடி போதும் என்றார் இன்னொருவர். அவருக்கும் விழுந்தது. வழக்கமாக இலை ஓரத்தில் பேருக்கு இருக்கிற காய்கறி, அன்றைக்குப் பாதி இலையைப் பிடித்துக்கொண்டது.

அவியலைக் கொட்டுவதற்காகக் குனிந்தபோதுதான் நயினார் அதைக் கவனித்தார். பரமார்த்தலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நயினார் போடுகிற அதே மாத்திரை. அவருக்கு ரெண்டு இலை தள்ளி ஓர் அம்மாள் சுருக்குப் பையிலிருந்து எடுத்தாள். அந்தக் கடைசியில் ஒரு வாத்தியார். இத்தனை வருசம் இலையை மட்டுமே பார்த்துப் பரிமாறியிருந்தார் நயினார். முகங்களை இப்போதுதான் பார்த்தார்.

சாமி ஒருவழியாகத் திரும்பி வந்தார்.

"இந்தா வந்துட்டேன். போடட்டுமா?"

பரமார்த்தலிங்கம் இலையைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார்.

"புளியோதரை ஒரு வாய் கொடுங்க சாமி. போதும்."

சாமி ஒரு வாய் வைத்தார். "போதுமா?"

"போதும்."

சாமி அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நயினார் அவியல் வாளியோடு அங்கேயே நின்றார். போதும் என்று சொன்னவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் குறை எதுவும் இல்லை. மனுசர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வாய்ப் புளியோதரையைப் பருக்கை பருக்கையாக மென்றுகொண்டிருந்தார். தன் புளியோதரையை இவ்வளவு நேரம் ஒருவர் சாப்பிட்டு நயினார் பார்த்ததே இல்லை.

"ஏ நயினாரு," என்றார் பரமார்த்தலிங்கம், கண்ணைத் திறக்காமல். "வெந்தயம் வறுத்துப் பொடிச்சுப் போட்டிருக்கீரோ? இத்தனை வருசம் தின்னும் இந்த வாசனை எனக்குத் தெரியலையே!"

நயினார் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கடைசிப் பந்தியும் எழுந்தது. ஊர் வெற்றிலை போட்டுக்கொண்டு கலைந்தது. உலகம்மாள் ரெண்டு இலையைக் கழுவிப் போட்டுவிட்டுத் தன் பங்கை எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைத் தேடிப் போனாள். சாமி கைகால் கழுவிவிட்டு வந்து ஓர் இலை முன்னால் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

"பசிக்குது அண்ணாச்சி. இப்ப நீங்க போடுங்க."

நயினார் முதலில் அவியல் வைத்தார். கூட்டு வைத்தார். பச்சடி வைத்தார். பிறகு சோற்று வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, பழைய பெரிய கரண்டியை உள்ளே விட்டார். கரண்டி கோபுரமாகக் குவிந்து எழுந்தது. இலைக்கு மேலே வந்தது.

விழவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது. ஆவி மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

"சாமி."

"ம்."

"எவ்வளவு போட?"

தாண்டவ சாமி நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

"வாங்க அண்ணாச்சி," என்றார். "இந்தக் கேள்வி எப்ப வரும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."